ஓலை, தாள், திரை



சென்ற மாதம் நம் மூப்பர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள் வந்தது. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர்கள் கைப்பேசியைப் பார்த்து வாசிக்கக் கூடாது, அச்சிட்ட வேதாகமத்தையே கையில் ஏந்தி முன்னே வரவேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த வாரமே, சிப்காட் பக்கத்தில் விடுதியில் தங்கி வேலை செய்யும் சகோதரிகள் சிலர் என்னிடம் வந்து, "ஐயா, எங்களிடம் இருப்பது கைப்பேசியில் இருக்கிற வேதாகமம் மட்டுந்தான், அது வேதாகமம் இல்லையா?" என்று கேட்டார்கள். இவ்விரண்டையும் இலேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முன்னதில் வேதத்தின்மேல் உள்ள பயபக்தியைக் காண்கிறேன். பின்னதில் வேதத்தின்மேல் உள்ள பசியைக் காண்கிறேன். பதில் சொல்லுமுன், இந்தக் கேள்வி முன்னாட்களில் எந்தெந்த உருவத்தில் எழுந்தது என்பதை இவ்வாரம் உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

நாசரேத்தூர் ஜெப ஆலயத்திலிருந்து தொடங்குவோம். லூக்கா நான்காம் அதிகாரத்தில், ஏசாயா தீர்க்கதரிசியின் புஸ்தகம் ஆண்டவருடைய கையில் கொடுக்கப்படுகிறது. நாம் அதைப் படிக்கும்போது மனக்கண்ணில் கறுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் காண்கிறோம். அவர் கையில் இருந்ததோ சுருள். 1947இல் சாக்கடல் ஓரத்துக் குகையில் கிடைத்த ஏசாயாவின் பெரிய சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். 17 தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த அது 7 மீட்டருக்கும் அதிக நீளமுள்ளது. ஆண்டவர் வாசித்த பகுதி நமக்கு 61ஆம் அதிகாரம். சுருளில் அது ஏறக்குறைய கடைசியில் இருக்கும். அதிகார எண்ணும் வசன எண்ணும் இல்லாத அந்நாட்களில், ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்டிக்கொண்டே அவ்வளவு தூரம் போய்த்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். வாசித்து முடித்தபின் அவர் அதைச் சுருட்டிப் பணிவிடைக்காரனிடத்தில் கொடுத்தார் என்று லூக்கா கவனமாக எழுதுகிறார். பொருளைக் கையாளும் முறையும் வாசிப்பின் ஒரு பகுதிதான் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும்.

இதற்குச் சில பத்தாண்டுகளுக்குப் பிறகு சபை ஒரு விசித்திரமான காரியத்தைச் செய்தது. அக்காலத்துக் கிரேக்க, ரோம உலகில் மதிப்புள்ள நூல் என்றால் சுருள்தான். யூதரும் திருமறையைச் சுருளில்தான் வைத்திருந்தார்கள். ஜெப ஆலயங்களில் தோராவை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். தாள்களை மடித்து ஓரத்தில் தைத்த ஏடு கணக்கு எழுதவும் குறிப்பு எடுக்கவும் பயன்பட்ட மலிவான சாமான். ரோமக் கவிஞர் மார்ஷியல் முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்படிப்பட்ட தோலேடுகளைப் பயணத்துக்கு ஏற்றவை என்று தம் வாசகருக்குப் பரிந்துரைக்கிறார். ஒரே கையில் பிடித்துக்கொள்ளலாம் என்பது அவர் சொல்லும் சிறப்பு. அந்தச் சாமானைக் கிறிஸ்தவர்கள் வேதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். எகிப்து மணலிலிருந்து கிடைத்த இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுப் பிரதிகளில் மற்றவருடைய இலக்கியங்கள் பெரும்பாலும் சுருள்களில் இருக்க, புதிய ஏற்பாட்டுப் பகுதிகளோ பெரும்பாலும் ஏடுகளில் இருக்கின்றன. பவுலின் நிருபங்களைத் தாங்கிய, கி.பி. 200ஐ ஒட்டியது என்று கருதப்படும் பாப்பிரஸ் ஏடு ஒன்றின் பக்கங்களை இன்றும் டப்ளின் நகரத்திலும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் காணலாம்.

ஏன் அப்படிச் செய்தார்கள்? அறிஞர்கள் பல காரணம் சொல்லுகிறார்கள். தாளின் இரு பக்கமும் எழுதலாம், பல நிருபங்களை ஒன்றாகக் கட்டலாம், ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்கு உடனே புரட்டலாம், மறைத்துக் கொண்டுபோகலாம். இவற்றோடு, அவர்களில் அநேகர் சுருள்களோடு வளர்ந்த செல்வந்தர் அல்லர் என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியோடு புஸ்தகங்களையும் கொண்டுவரச் சொல்லி, தோலில் எழுதியவற்றை விசேஷமாகக் கேட்கிறார். அங்கே கிரேக்க மூலத்தில் அவர் எழுதுவது 'மெம்ப்ரானாஸ்' என்கிற இலத்தீன் சொல். நம் தமிழ் வேதாகமம் அதைச் சுருள் என்று பெயர்த்திருந்தாலும், இலத்தீன் வழக்கில் அது குறிப்பேடாகப் பயன்பட்ட தோலேட்டையும் குறிக்கும். அப்போஸ்தலரே அந்த மலிவான கருவியைப் பயன்படுத்தியிருக்கலாம் என்று கருதுவோர் உண்டு.

இனி நம்முடைய நாட்டுக்கு வருவோம். தமிழர்கள் வாசிப்பைப் பனையோலையில் கற்றார்கள். ஓலையைப் பதப்படுத்தி நறுக்கி, எழுத்தாணியால் கீறி, கீறலில் மை தடவித் துடைத்து, துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டுவார்கள். புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது வழக்கத்தில் இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். எகரத்தில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ஆகவே ஏற்கெனவே பாடம் கேட்டவனுக்கே ஓலை பேசும். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று ஏட்டையே குறைத்துப் பேசிய பழமொழி நம்மிடையே பிறந்ததில் வியப்பில்லை. ஏடு நினைவுக்குத் துணையாய் இருந்தது; நூல் மனிதனுடைய நெஞ்சில் இருந்தது.

1554இல் போர்ச்சுக்கலின் லிஸ்பன் நகரத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பாடநூல் அச்சானது. தமிழ்ச் சொற்கள்தான்; ஆனால் எழுத்துகள் ரோம எழுத்துகள். நம் வாலிபர்கள் வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதைக் கண்டு வருந்தும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். அச்சேறிய முதல் தமிழே அப்படித்தான் இருந்தது. 24 ஆண்டுகள் கழித்து, 1578 அக்டோபர் 20ஆம் நாள், கொல்லத்தில் என்றீக் என்றீக்கஸ் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டு முடித்தார். முத்துக்குளித்துறைப் பரதவருக்காக ஆயத்தமான நூல் அது. அதன் பிரதி ஒன்று இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குவை நாம் அறிவோம். சிறுபிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவர் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவர் முதலில் செய்தது நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளைச் சேர்த்துப் பட்டியலிட்டதே. தம்முடைய எழுத்துகளையும் ஆள் வைத்து ஓலையில் எழுதுவித்தார். ஊர் மக்களின் கையில் எந்தக் கருவி இருந்ததோ அதில் சுவிசேஷத்தை ஏற்றினார். ஆனால் ஒரு பிரதியைக் கையால் எழுத ஆகும் காலத்தையும் கூலியையும் கண்டபின் ஐரோப்பாவுக்கு எழுதி அச்சியந்திரம் கேட்டார்.

அந்த இயந்திரம் வந்த கதை ஒரு தனிப் பிரசங்கத்துக்குப் போதும். இலண்டனிலிருந்து கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அனுப்பிய அது வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி மீட்கப்பட்டது. கூட வந்த அச்சாளரோ இந்தியா வந்து சேருமுன்னே மரித்துப்போனார். பின்பு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து அனுப்பப்பட்டன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சிடக் காகிதம் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த உலோகப் பெட்டிகளை இதற்காக உருக்கினார்கள் என்று சொல்லுவதுண்டு. 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தன. பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினார்கள். எழுத்தின் அளவு, காகிதத்தின் விலை, ஈயம் கிடைக்குமா என்கிற கவலை: தமிழ் வேதாகமம் அச்சில் பிறந்தது இந்த நெருக்கடிகளுக்கு நடுவில்தான். கைப்பேசியில் எழுத்துரு தெரியவில்லை, இடம் போதவில்லை என்று அலுத்துக்கொள்ளுகிறவர்கள் ஆறுதலடையலாம்.

சீகன்பால்கு ரூத் வரைக்கும் மொழிபெயர்த்துவிட்டு 1719இல் மரித்தார். பெஞ்சமின் சூல்ச்சே பழைய ஏற்பாட்டை முடித்து 1728க்குள் அச்சிட்டார். நம் ஓசூரார் இவரை விசேஷமாக நினைக்கவேண்டும். தமிழை முடித்த அதே மனிதர் தெலுங்கிலும் வேதத்தை மொழிபெயர்த்தார். அந்தத் தெலுங்கு வேதாகமம் அச்சேறாமல் கையெழுத்துப் பிரதியாகவே நின்றுவிட்டது. கன்னடத்துக்கு அடுத்த நூற்றாண்டில் பெல்லாரியில் ஜான் ஹேண்ட்ஸ் பாடுபட்டார். தாய் தெலுங்கும் தகப்பன் கன்னடமும் பேசி, பிள்ளைகள் தமிழில் படிக்கிற வீடுகள் நம் சபையில் எத்தனை! அந்த வீடுகளில் மூன்று வேதாகமங்கள் மேசைமேல் கிடந்த காலம் போய், ஒரே கைப்பேசியில் மூன்று மொழியும் அடுத்தடுத்து நிற்கிற காலம் வந்திருக்கிறது. சூல்ச்சே இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ என்று நான் சில சமயம் நினைப்பதுண்டு.

புதிய கருவிக்கு எதிர்ப்பும் எப்பொழுதும் இருந்தது; அதை எழுப்பினவர்கள் மூடர்களும் அல்லர். ஜெர்மனியின் ஸ்போன்ஹைம் மடத்துத் தலைவர் யோஹன்னஸ் திரித்தேமியுஸ் 1492இல் கையெழுத்துப் பிரதி எழுதுவோரைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். தோலில் எழுதியது ஆயிரம் ஆண்டு நிற்கும், தாளில் அச்சிட்டது இருநூறு ஆண்டு நின்றால் பெரிது என்றும், கையால் எழுதுகிற துறவிக்கு வசனம் நெஞ்சில் பதியும் என்றும் வாதித்தார். பின்பு 1494இல் அந்த நூலை மைன்ஸ் நகரத்து அச்சகத்தில் கொடுத்து அச்சிட்டார்! இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் அநேகர். எனக்கோ அவருடைய இரண்டாவது வாதம் சிரிப்புக்குரியதாகத் தோன்றவில்லை. மெதுவாகக் கையால் எழுதும்போது வசனம் பதிகிறது என்பதை, வேதத்தைக் கையால் எழுதி முடித்த நம் சபைத் தாய்மாரே சாட்சியாகச் சொல்லுவார்கள்.

நம்மிடையே வடிவத்தின்மேல் வந்த பிணைப்பும் அப்படிப்பட்டதே. பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பட்ட ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தது. ஆனாலும் லுத்தரன் சபைகளில் பப்ரிஷியஸ் ஐயரின் பழைய மொழிபெயர்ப்பையே நெடுநாள் விடாமல் வாசித்தார்கள். இன்றைக்கும் வயதானவர்கள் சிலர், 'லை', 'னை' என்பவற்றைத் துதிக்கைபோல் வளைந்த பழைய எழுத்தில் அச்சிட்ட வேதாகமத்தை விட மறுக்கிறார்கள். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது 1978இல். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அந்த வளைவுகளில்தான் அவர்களுக்கு வேதம் வேதமாகத் தெரிகிறது. நான் அவர்களைத் திருத்தப் போவதில்லை.

மின்னூலின் வரலாறு நம்மில் பலர் நினைப்பதைவிடப் பழையது. 1971 ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர், பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் அந்நாட்டின் விடுதலை அறிக்கையைத் தட்டச்சு செய்தார். அதிலிருந்து வளர்ந்ததே குட்டன்பர்க் திட்டம். 1989இல் அதன் பத்தாவது நூலாக முழு ஆங்கில வேதாகமம் ஏறியது. தமிழுக்கு 1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாக வெளியிட்டார்கள். கூலி வாங்காமல் ஓலையைப் படியெடுத்தவர்களின் வரிசையில் இவர்களையும் வைக்கத் தோன்றுகிறது.

ஆனால் எழுத்துருக் குழப்பம் இருந்தது. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தாலும், நடைமுறையில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துருவில் தட்டினார்கள். ஒருவர் அனுப்பிய பாடல் மற்றவர் கணினியில் புரியாத ஆங்கிலக் குறிகளாகத் தெரியும். கைப்பேசியிலும் தொடக்கத்தில் தமிழ் வெறும் கட்டங்களாகவே வந்தது. ஏறக்குறைய 2011க்குப் பிறகுதான் ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ் ஒழுங்காகத் தெரியலாயிற்று. அமேசானின் கிண்டில் 2007 நவம்பரில் வெளிவந்தது. தமிழ் நூல்கள் அதில் முறையாக விற்பனைக்கு வந்தது 2016 டிசம்பரில். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்தது. 2020 மார்ச்சில் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது, கைப்பேசியை ஆராதனைக்கு எடுத்துவரலாமா என்கிற வாதமும் சேர்ந்து அடைபட்டது. அந்நாட்களில் கைப்பேசிதான் ஆலயமாயிருந்தது. கதவு திறந்ததும் வாதமும் திரும்பி வந்துவிட்டது.

இங்கே ஒரு காரியத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். 'மின்னூல்' என்று ஒரே பெயரால் அழைத்தாலும் கருவிகள் ஒரேவிதமானவை அல்ல. கைப்பேசியின் திரை தானே ஒளி விடுகிறது. கிண்டில் போன்றவற்றின் மின்மைத் திரையிலோ, நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் மின்னூட்டத்தால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் செலவாகும்; வெயிலில் தாளைப்போலவே வாசிக்கலாம்; செய்தியும் விளம்பரமும் குறுக்கே வருவது அரிது. ஆனால் அதை வாங்கத் தனியே பணம் வேண்டும். அதனால் நம் சபையில் மின்னூல் என்றால் கைப்பேசிதான். டேப்லெட்டைப் பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கி, பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வேதம் வாசிக்கிறார்கள். கண்புரை அறுவைக்குக் காத்திருக்கிற ஒரு மூதாட்டியார், அச்சு வேதாகமத்தை மூடிவைத்து மூன்று வருடமாயிற்று என்றும் பேரனின் டேப்லெட்டில்தான் சங்கீதங்களைத் திரும்பக் கண்டேன் என்றும் சொன்னார்.

பிடிஎஃப் கோப்பைக் கைப்பேசியில் திறந்து, கண் எரிகிறது, மின்னூல் நமக்கு ஆகாது என்று முடிவு கட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடிஎஃப் என்பது அச்சுப் பக்கத்தை அப்படியே உறைய வைத்த படம் போன்றது. சிறிய திரையில் அது சுருங்குமே தவிர, வரிகளை மாற்றி அடுக்காது. ஈபப் போன்ற வடிவங்களில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே திரைக்கு ஏற்ப அமையும். பாதிக் குறை கருவியினுடையது அன்று, கோப்பினுடையது.

மூப்பர்களின் கவலைக்கு ஆதாரமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தாளிலும் திரையிலும் வாசித்துப் புரிந்துகொள்ளுவதை ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவற்றில் பங்குபெற்றவர்கள் 1,70,000க்கும் அதிகமானோர். தாளில் வாசித்தவர்கள் சற்று நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பதே அதன் முடிவு. நேரம் குறித்து வாசிக்கச் சொன்னபோது இடைவெளி இன்னும் கூடியது. ஆனால் கதைகளை வாசிப்பதில் அந்த வேறுபாடு தென்படவில்லை. விளக்கமும் வாதமுமான எழுத்திலேயே அது தென்பட்டது. இதிலிருந்து நானாக எடுத்துக்கொண்ட ஒரு நடைமுறை உண்டு. ரூத்தின் சரித்திரத்தையும் யோசேப்பின் சரித்திரத்தையும் பேருந்தில் கைப்பேசியில் வாசியுங்கள். ரோமர் நிருபத்தை, அதிலும் ஒன்பது முதல் பதினொன்று வரையுள்ள அதிகாரங்களை, தாளில், பென்சிலோடு உட்கார்ந்து வாசியுங்கள். பவுலின் வாதம் முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கிறவனுக்கே பிடிபடும். வசனம் வலப்பக்கம் மேலே இருந்தது என்று கண்ணுக்கு நினைவிருப்பதும் அச்சில்தான்.

இரவு வேலை முறை உள்ளவர்களுக்கு இன்னொன்று. பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் 2014 இறுதியில் வெளியிட்ட ஓர் ஆய்வில், 12 பேர் சில இரவுகள் ஒளிவிடும் திரையிலும் சில இரவுகள் அச்சு நூலிலும் வாசித்துவிட்டு உறங்கினார்கள். திரையில் வாசித்த இரவுகளில் உறக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாயிற்று. உறக்கத்துக்குரிய சுரப்பும் குறைந்தது. பன்னிரண்டே பேர், அதிலும் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து மணிக்கணக்காக வாசித்தவர்கள். ஆகையால் பயப்படத் தேவையில்லை. ஆயினும் காலை ஏழு மணிக்குப் பணி முடிந்து வந்து பகலில் உறங்கவேண்டிய தம்பிமார், படுக்குமுன் வேதத்தைக் கைப்பேசியில் வாசிப்பதைவிடக் காதால் கேட்பதே நல்லது என்பேன். ஆதிச் சபையில் பெரும்பாலோர் வேதத்தைக் கேட்டவர்களே.

உடைமையைப் பற்றியும் சொல்லவேண்டும். 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், உரிமைச் சிக்கல் என்று ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலைப் பணம் கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே தொலைவிலிருந்து அழித்தது. பின்பு மன்னிப்புக் கேட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்களும் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா கொடுத்த வேதாகமத்தின் முதல் தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறோமே, அதை இப்படி யாரும் அழிக்க முடியாது. வீட்டுக்கு ஓர் அச்சு வேதாகமம் இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் ஊரில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு பக்கம் உண்டு. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனால் நடுகற்களைக் காணலாம். இம்மண்ணில் முற்காலத்தார் தங்கள் வீரரின் நினைவைக் கல்லில் எழுதினார்கள். இன்றோ அதே மாவட்டத்தில், ஓசூருக்கு அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிச்சட்டகம் உருவாகிறது. அங்கே ஆயிரக்கணக்கில் பெண்பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் அந்தக் கருவியில் தம் மொழியில் சங்கீதம் வாசிக்கும்போது, அதன் சட்டகத்தைத் தொட்ட கை நம் பிள்ளைகளுடையதாக இருக்கலாம். பொறையாறில் காகிதம் காய்ச்சியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. தரங்கம்பாடியில் ஈயம் உருக்கியவர்களின் பெயரும் அப்படியே. பல ஆலைகளில் வேலைத்தளத்துக்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே உணவு இடைவேளையில் வாசிக்கச் சட்டைப்பையில் அடங்கும் சிறிய புதிய ஏற்பாடுதான் உதவுகிறது. விடுதியிலோ, ஓர் அறையில் பலர் தங்கி, விளக்கை அணைத்தபின் அடுத்தவரின் உறக்கத்தைக் கெடுக்காமல் வாசிக்கக் கைப்பேசிதான் உதவுகிறது. ஒரே பிள்ளை, ஒரே நாளில், இரண்டையும் பயன்படுத்துகிறாள்.

ஆகவே மூப்பர் குழுவில் பேசி நாங்கள் தீர்மானித்தது இது. ஆராதனையில் வேதபாடம் அச்சு வேதாகமத்திலிருந்தே வாசிக்கப்படும். அதற்கென்று பெரிய எழுத்து வேதாகமம் ஒன்றை வாசிப்பு மேசையில் வைக்கிறோம். யாரும் வீட்டிலிருந்து கொண்டுவரத் தேவையில்லை. அழைப்பு வந்து அலறாத புத்தகம் ஒன்று பொதுவில் திறந்திருப்பது நல்லது. வாசிக்கிறவர் அதனண்டை நடந்து போவதையும் பிள்ளைகள் பார்க்கவேண்டும். இருக்கையில் இருக்கிறவர்கள் எதில் பின்தொடர்ந்தாலும் ஒருவரும் அவர்களை முறைக்கக் கூடாது. கைப்பேசியில் வாசிக்கிறவர்கள் அதை விமானப் பயண முறையில் வைத்துவிடுங்கள். வேதாகமத்தை முன்னதாகவே கருவிக்குள் இறக்கிக்கொள்ளுங்கள். அஞ்செட்டி, தளிப் பக்கத்து மலைவழிகளில் எல்லா இடத்திலும் இணையம் கிடைக்காது.

விடுதிச் சகோதரிகளுக்குச் சொன்ன பதில்: அம்மா, அது வேதாகமந்தான். உங்களில் அச்சுப் பிரதி வேண்டுமென்கிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். கையில் அடங்கும் அளவில் தமிழ், தெலுங்கு, கன்னடப் பிரதிகளை வாங்க ஏற்பாடு செய்கிறேன்.

வரும் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எரேமியா 36ஆம் அதிகாரத்தைத் தியானிப்போம். எரேமியா சொல்லச் சொல்லப் பாருக்கு சுருளில் எழுதுகிறான். குளிர்காலத்தில் கணப்பண்டையில் உட்கார்ந்திருக்கும் ராஜாவுக்கு முன்பாக அது வாசிக்கப்படுகிறது. மூன்று நான்கு பத்திகள் வாசித்ததும், எழுத்தர் வைத்திருக்கும் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறார்கள். இப்படியே சுருள் முழுவதும் எரிந்துபோகிறது. கர்த்தர் எரேமியாவிடம் வேறொரு சுருளை எடுத்து எழுதச் சொல்லுகிறார். பாருக்கு மறுபடியும் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதுகிறான், முன்பு இல்லாத வார்த்தைகளையும் சேர்த்து. தாளிலோ திரையிலோ, கையிலிருப்பதில் ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். இரவுப் பணிக்குப் போகிறவர்களுக்காக அந்த அதிகாரத்தை ஒலிப்பதிவாகச் செவ்வாய்க்கிழமை அனுப்புகிறேன்.